தனிக்கட்டைக்கு எதற்குப் பஞ்சப்படி

பூட்டை எவ்வளவு நேரம் முறைத்தாலும் அது திறக்காது. இப்படி உள்ளே வந்து உட்காருங்கள். சாவிக்கு ஆள் வர வேண்டும். வரும்போது வரட்டும், அதுவரை நீங்கள் ஏன் வெயிலில் நிற்க வேண்டும்? செருப்பை உள்ளேயே விடுங்கள். இந்தத் தெரு நாய் மாடிப்படி ஏறி வந்து ஒற்றைச் செருப்பாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போகும். ஜோடியாகத் தூக்கினாலாவது அதற்கு ஏதோ உபயோகம் என்று விட்டுவிடலாம்.

வீடு பார்க்கத்தானே வந்தீர்கள்? தெரிகிறது. வேலை எங்கே, பேங்கிலா? பேங்க்தான். பதில் சொல்ல வேண்டாம், பையை மடியில் வைத்திருக்கிற விதத்திலேயே தெரிகிறது. கவர்மெண்ட் ஆபீஸ்காரர்கள் பையை மடியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், பக்கத்து நாற்காலியில் வைத்து அதற்கும் ஓர் இடம் பிடிப்பார்கள். நான் பார்க்காத ஆட்களா?

காபி போடுகிறேன். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், பால் காய்ச்சியாயிற்று. ஒரு ஆளுக்கென்று காய்ச்சினால் பால் பாத்திரத்தின் அடியில் கிடந்து பிடித்துக்கொள்கிறது. அதனால் எப்போதும் இரண்டு பேருக்குக் காய்ச்சிவிடுவேன். மீதியைக் கொட்டுகிறேன், வேறென்ன செய்ய?

அந்த வீட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லக் கூடாது. உண்மையைச் சொன்னால், வருகிற ஆட்களையெல்லாம் பிலோமினா துரத்துகிறாள் என்று கீழ்வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். நான் யாரைத் துரத்தினேன்? ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும் என்றேன். அது உண்மையில்லையா? மத்தியானத்துக்கு மேல் படுக்கையறையில் வெயில் வந்து படுத்துக்கொள்ளும், மனுஷர் படுக்க முடியாது என்றேன். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது. நடுச்சுவர் ஒற்றைச் செங்கல், அங்கே தும்மினால் இங்கே கேட்கும் என்று ஒரு தகவலாகத்தான் சொன்னேன். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? சுவரைக் கட்டினது நானா?

ஏதோ சொல்ல வந்தீர்கள். இருங்கள், காபியைக் குடியுங்கள் முதலில். ஆறிப்போனால் என் பெயர் கெட்டுப்போகும்.

முன்னால் அங்கே இருந்தது வடிவு. முழுப் பெயர் சண்முகவடிவு. மாவட்டக் கருவூலத்தில் வேலை. கருவூலம் என்றால் தெரியுமில்லையா, கவர்மெண்ட் சம்பளம், பென்ஷன் எல்லாம் அங்கே பில் போட்டால்தான் வெளியே வரும். அங்கே அவள் கண்காணிப்பாளர். அதைவிடப் பெரிய உத்தியோகம், சங்கத்தில் கிளைச் செயலாளர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 'உனக்குச் சங்கம்தான்டி புருஷன், அதுவும் சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்கிற புருஷன், எவளுக்கு வாய்க்கும்' என்று நான் சொல்வேன். 'உன் புருஷன் ஷார்ஜால இருக்கான், என் புருஷன் பாளையங்கோட்டைல இருக்கான், அதுதான் உனக்குப் பொறாமை' என்பாள். வாய் எனக்குக் குறைந்ததில்லை அவளுக்கு.

ஆமாம், இவர் ஷார்ஜாவில். ஐம்பத்தாறு வயதில் அங்கே ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். இங்கே ஒரு நூற்பாலையில் இருபத்தெட்டு வருஷம் கணக்குப் பார்த்தவர். ஒரு திங்கட்கிழமை காலையில் போனார், கேட்டில் பூட்டு. அவ்வளவுதான். பென்ஷனும் கிடையாது, பஞ்சப்படியும் கிடையாது, கேட்க நாதியும் கிடையாது. அந்த மில்லிலும் சங்கம் இருந்தது, கொடிக்கம்பம் இன்னும் நிற்கிறது. மில்தான் இல்லை. பிள்ளை கனடாவில். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுவான். அவன் பேசுகிறபோது நான் பார்ப்பது அவன் பின்னாலிருக்கிற சுவரைத்தான். படம் கிடம் ஏதாவது மாட்டியிருக்கிறானா, ஆணி அடிக்கிற அளவுக்கு அங்கே நிலைத்துவிட்டானா என்று.

இப்போது சொல்லுங்கள். எனக்குக் கோபம் வருமா வராதா? விலைவாசி ஏறிவிட்டது என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பஞ்சப்படி கூடும். பஞ்சப்படி! பெயரைப் பாருங்கள். பஞ்சம் யாருக்கு, படி யாருக்கு? வெங்காய விலை ஏறினால் அவளுக்கு மட்டும்தான் ஏறுகிறதா? எனக்குப் பழைய விலையில் கொடுக்கிறானா கடைக்காரன்? அரசாணை வந்த அன்று கரண்டியால் சுவரில் தட்டுவாள். எங்களுக்குள் அது பழக்கம். காலையில் ஒரு தட்டு தட்டினால் காபி கலந்தாச்சு என்று அர்த்தம். நான் பதிலுக்குத் தட்டினால் உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். அரசாணை அன்றைக்கு மட்டும் படபடவென்று தட்டுவாள். நான் பால்கனிக்குப் போனால் கிரில்லுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சிரிப்பாள்.

"ஏட்டி பிலோ, கூட்டிட்டான்."

"யார் அப்பன் வீட்டுப் பணத்தைக் கூட்டினான்? என் வரிப்பணம்டி அது."

"ஒன் வரிப்பணமா? அண்ணாச்சி ஷார்ஜால வாங்குத சம்பளத்துக்கு ஒத்தப் பைசா வரி உண்டா? வரி கட்டுதது நானு. பிடிச்சிட்டுதான் தாரான் எனக்கு."

அது ஒரு பேச்சா? சோப்புக்கு நான் வரி கட்டவில்லையா? பிஸ்கட்டுக்குக் கட்டவில்லையா? இந்தக் காபித்தூளுக்கு? நீங்களே சொல்லுங்கள், பேங்க்காரர். இல்லை, வேண்டாம், சொல்லாதீர்கள், உங்களுக்கும் பஞ்சப்படி உண்டு.

இப்படிச் சண்டை போட்டால் சாயங்காலம் ஒரு பாத்திரம் வரும். எதையாவது செய்து கொண்டுவந்துவிடுவாள். நாங்கள் பாத்திரத்தைச் சும்மா திருப்பிக் கொடுப்பதில்லை. அவள் தீபாவளிக்கு முந்திரிக்கொத்து போட்டு அனுப்பினால், அதே பாத்திரத்தில் கிறிஸ்மஸுக்கு அச்சுமுறுக்கு போகும். ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். அதனால் என்ன ஆகும் என்றால், ஏதாவது ஒரு பாத்திரம் எப்போதும் யார் வீட்டிலாவது பாக்கி இருக்கும். அதை நிறைக்கிறேன் என்று அவள் ஏதாவது செய்வாள், இதை நிறைக்கிறேன் என்று நான் ஏதாவது செய்வேன். முடிவே இல்லாத வேலை.

எப்படிப் பழக்கம் என்று கேட்கிறீர்களா? அம்மாவால். எங்கள் அம்மா கடைசிக் காலத்தில் என்னோடுதான் இருந்தாள். அப்பா ஹெட்மாஸ்டர், உதவி பெறும் பள்ளி. அவர் போன பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம். வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருக்கிறேன் என்று கருவூலத்தில் போய் முகத்தைக் காட்ட வேண்டும். அம்மா படுத்த படுக்கை. எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்று நான் படியில் நின்று புலம்பிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்திருந்த வடிவு, 'எதுக்குக்கா தூக்கணும், முடியாதவங்களுக்கு நாங்கதான் வீட்டுக்கு வந்து பாக்கணும், அது எங்க வேலை' என்று சொல்லி, தாளையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். அக்கா என்று கூப்பிட்டது அன்றைக்கு மட்டும்தான். மறுவாரமே ஏட்டி ஆகிவிட்டது. அம்மா சாகிறவரை அந்தப் பென்ஷன் ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

என்ன? அதுவும் வரிப்பணம்தானே என்கிறீர்களா? நீங்கள் கேட்கவில்லை, பார்வை கேட்கிறது. அது வேறு. அப்பா உழைத்தார். பிள்ளைகள் நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து திருத்துவார். நான் எட்டாவது படிக்கும்போது வாத்தியார்கள் எல்லாம் சம்பளத்துக்காகப் போராட்டம் செய்தார்கள். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாளையங்கோட்டை ஜெயிலில்தான் வைத்திருந்தார்கள். நானும் அம்மாவும் பிரெட்டும் வாழைப்பழமும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அது கொள்கை. அதற்குப் பிறகு சம்பளம் கூடியது. எனக்குக் கான்வென்டில் ஃபீஸ் பாக்கி இல்லாமல் ஆயிற்று. சிஸ்டர் ஆஞ்செலா என்னை வகுப்பில் எழுப்பி நிறுத்துவதை விட்டார். அது வேறு, இது வேறு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

இருங்கள், என்ன அவசரம்? சாவி வரும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பெரிய வேலைநிறுத்தம் நடந்ததே, ஞாபகமிருக்கிறதா? பஞ்சப்படியை நிறுத்தி வைத்துவிட்டார்கள், நிலுவையைக் கொடு, பழைய பென்ஷனைக் கொடு என்று. கவர்மெண்ட் பணமில்லை என்று கையை விரித்தது. வரி வருமானத்தில் பெரும்பகுதி இவர்கள் சம்பளத்துக்கும் பென்ஷனுக்குமே போகிறது, மிச்ச ஜனங்களுக்கு ரோடு போட வேண்டாமா என்று ஒரு மந்திரி கேட்டார். நியாயமான கேள்வி. நான் டி.வி. முன்னால் உட்கார்ந்து கை தட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்றே தட்டினேன். வேலைநிறுத்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வடிவு ஒரு தூக்குவாளியில் சொதி, தேங்காய்ப்பால் குழம்பு, கொண்டுவந்து வைத்தாள். 'நாளைலேருந்து பந்தல்தான் எனக்கு, சமைக்க நேரம் இருக்காது, தேங்காய் கெட்டுப்போவும்னு இன்னைக்கே வச்சிட்டேன்' என்றாள்.

மறுநாள் எனக்குத் தாலுகா ஆபீஸில் வேலை. அம்மா வீட்டுப் பட்டா விஷயம். ஆட்டோ பிடித்துப் போனால் ஆபீஸில் பூட்டு. எதிரே பந்தல். கோஷம். நான் வெயிலில் நிற்கிறேன். ஒரு பையன் மைக்கைக் கொண்டுவந்து மூக்குக்கு நேரே நீட்டினான். 'அம்மா, பொதுமக்கள் சார்பா என்ன நினைக்கிறீங்க?' பொதுமக்கள் சார்பாக! என்னை யாரும் எதற்கும் எந்தச் சார்பாகவும் கேட்டதில்லை. இவர்கூட, டிக்கெட் போட்டுவிட்டுத்தான் ஷார்ஜா போகிறேன் என்றார்.

பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். மில் மூடினதைச் சொன்னேன். தனியார் வேலைக்காரனுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். கோர்வையாக, இடையில் இங்கிலீஷும் போட்டு, ஸ்கூல் எலொக்யூஷன் போட்டி மாதிரி. அதையெல்லாம் வெட்டிவிட்டான் பாவி. கடைசியாகப் போகிறபோக்கில் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டான். 'எங்கள் பக்கத்து வீட்டிலேயே ஒரு அம்மா இருக்கிறார். தனிக்கட்டை. பிள்ளையா குட்டியா? ஒரு ஆளுக்கு எத்தனை படி அரிசி வேகும்? தனிக்கட்டைக்கு எதற்குப் பஞ்சப்படி?' இவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் போனில் ஓடியது. ஆளும் கட்சிக்காரர்கள் அதற்குப் பின்னால் மேளச் சத்தம் போட்டு விட்டார்கள். 'தனிக்கட்டைக்கு எதற்குப் பஞ்சப்படி' என்று பெரிய எழுத்தில், கீழே என் முகம். வாய் திறந்த மாதிரி ஒரு முகம். நல்ல முகமாகவும் போடவில்லை.

பெயர் சொன்னேனா? சொல்லவில்லை. தனிக்கட்டை என்பது கெட்ட வார்த்தையா? அகராதியில் இருக்கிறது. கல்யாணம் ஆகாதவளை வேறு எப்படிச் சொல்வது? இந்த மாடியில் இரண்டே வீடு, அதனால் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று, அது என் தப்பா?

வடிவு அன்றைக்கு வந்தாள். சுவரில் தட்டவில்லை, வாசல் மணியை அடித்தாள். அவள் மணி அடித்து நான் கேட்டதே இல்லை, யாரோ என்று நினைத்துத் திறந்தேன். பந்தலில் உட்கார்ந்து முகமெல்லாம் கறுத்திருந்தது.

"சம்பளத்தப் பத்தி நீ என்ன வேணும்னாலும் சொல்லியிருக்கலாம் பிலோ. நான் சிரிச்சிட்டுப் போயிருப்பேன். நான் ஒத்தையில கெடக்கதையா மைக்ல சொல்லுவ?"

நான் நியாயத்தைச் சொன்னேன். இது தனிப்பட்ட விஷயம் இல்லை, பொது விஷயம், வரிப்பணம் என்றேன். அவள் கேட்டாள்:

"பெரிய சார் வாங்குன சம்பளம் யார் பணம்ட்டி? அவரு ஜெயிலுக்குப் போயி வாங்குனதுலதானே நீ இப்படிப் பேசப் படிச்ச?"

அப்பாவை இழுத்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ் வந்துவிடும், கான்வென்ட் பழக்கம். 'கெட் அவுட்' என்றேன். வாசலுக்கு வெளியே நிற்கிறவளைப் பார்த்து கெட் அவுட் என்றேன். அவள் உள்ளே வரவே இல்லை, எங்கே அவுட்டாக? அதைக்கூடச் சுட்டிக்காட்டிச் சிரிக்கவில்லை. 'சரி, நல்லாரு' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் வாசலில் என் டப்பா இருந்தது. கிறிஸ்மஸுக்கு அச்சுமுறுக்கு போட்டுக் கொடுத்த டப்பா. கழுவித் துடைத்து, மூடி போட்டு. எடுத்தபோதே கனமில்லை. திறந்து பார்த்தேன். காலி. ஒரு கல் உப்புகூட இல்லை.

நான் என்ன சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரிகிறதா? நீங்கள் எந்த ஊர்? புரிகிறது, இல்லையா? சரி.

அதற்கப்புறம் நான் பெரிய ஆளாகிவிட்டேன். ஆளும் கட்சி வட்டச் செயலாளர் ஒருவர், வெள்ளைச் சட்டை, பின்னால் நாலு பேர், இதோ இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். 'சாமானிய மக்களின் குரல்மா நீங்க' என்றார். தெருமுனைக் கூட்டத்தில் மேடை ஏற்றினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். நான் வீட்டில் எழுதிப் படித்துப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன், பேசவிடவில்லை. போர்த்திவிட்டு உட்காரச் சொல்லிவிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, கால் ஆடியது. முன்வரிசையில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அந்தப் பொன்னாடை என்ன துணியோ, கழுத்தெல்லாம் அரிப்பு. இப்போது மிக்ஸி மேல் மூடி வைத்திருக்கிறேன். தூசிக்கு நல்லது.

வேலைநிறுத்தம் பிசுபிசுத்துப் போயிற்று. முன்னால் நின்றவர்கள் மேலெல்லாம் நடவடிக்கை. வடிவைப் பரமக்குடிக்குத் தூக்கிப் போட்டார்கள். என் பேச்சால்தான் என்று கீழ்வீட்டில் சொல்கிறார்கள். என் பேச்சுக்கு அவ்வளவு சக்தி இருந்தால் முதலில் மில்லைத் திறக்க வைத்திருக்க மாட்டேனா?

சாமான் ஏற்ற வண்டி வந்தது. ஒரு ஆள் சாமான் எவ்வளவு இருக்கும், சின்ன வண்டிதான். போகும்போது கதவைத் தட்டினாளாம். கீழ்வீட்டு அம்மா சொல்கிறார், ரொம்ப நேரம் தட்டினாள் என்று. எனக்குக் கேட்கவில்லை. மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. என்ன அரைத்தேன் என்று அந்த அம்மா கேட்கிறார். என் மிக்ஸி, நான் எதையோ அரைப்பேன். அதற்கும் கணக்குக் காட்ட வேண்டுமா?

இப்போதுதான் கதையில் நல்ல இடம். தேர்தல் வந்தது. வந்ததும், இல்லாத பணம் எங்கிருந்தோ வந்துவிட்டது! பஞ்சப்படி கூட்டியாச்சு. நிலுவை கொடுத்தாச்சு. போராடினவர்கள் மேல் போட்ட நடவடிக்கை, மாற்றல் எல்லாம் ரத்து. ரோடு போட வேண்டாமா என்று கேட்ட அதே மந்திரி, சங்கத் தலைவர்களோடு கை கோத்து, கையை மேலே தூக்கிப் போட்டோ. பேப்பரில் முதல் பக்கம். எல்லோர் பல்லும் தெரிகிறது. அன்றைக்குச் சாயங்காலம் வாசலில் மணி. யார் தெரியுமா? அதே வட்டச் செயலாளர். கையில் லட்டுத் தட்டு. 'அரசு ஊழியர் குடும்பங்களோட மகிழ்ச்சிய நாமளும் கொண்டாடுறோம்மா, எடுத்துக்கோங்க.' எனக்குப் பொன்னாடை போர்த்தின கை! என்னை அடையாளம்கூடத் தெரியவில்லை அந்த ஆளுக்கு. வடிவு வீட்டுக் கதவிலும் போய்த் தட்டினார். பூட்டியிருக்கிறது என்று நான்தான் சொன்னேன்.

அவர்கள் சண்டை சண்டையே இல்லை. பேரம். இத்தனை ஓட்டுக்கு இத்தனை படி. எடுத்துக் கொடுப்பது நம் பணம், கை குலுக்குவது அவர்கள். ஒரு போட்டோவில் ராசியாகிவிட்டார்கள். ஒற்றைச் செங்கல் சுவருக்கு இரண்டு பக்கம் இருந்தவர்கள்தான்... விடுங்கள். நான் பொது விஷயம் பேசிக்கொண்டிருந்தேன்.

லட்டை எறும்புக்குப் போட்டேன்.

மாற்றல் ரத்தானதே, வடிவு வந்திருக்கலாமில்லையா? எல்லோரும் அவரவர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். இவள் மட்டும், இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம். ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷமோ என்னமோ இருக்கிறது. சொந்த ஊர் இது, வீடு பூட்டிக் கிடக்கிறது, பரமக்குடியில் என்ன வைத்திருக்கிறது? சொல்லுங்கள். நானா வராதே என்றேன்?

எனக்கு ஒன்றும் கஷ்டம் இல்லை. ஒரு நிம்மதி. காலையில் யாரும் தட்டுவதில்லை. ஒன்றே ஒன்றுதான் தொந்தரவு, அவள் தூக்கு இங்கேயே நின்றுவிட்டது. சொதி வந்ததே, அந்தத் தூக்கு. அதோ, அலமாரியில். எவர்சில்வர், நல்ல கனம். அதில் பொறித்திருப்பதைப் படியுங்கள். 'ஊதிய உயர்வு வெற்றி மாநாட்டு நினைவுப் பரிசு.' என் வீட்டு அலமாரியில் இது! சங்கத்துக்காரி ஒருத்தி எனக்கு நிரந்தரமாக வைத்துவிட்டுப் போன கொடிக்கம்பம். வாரத்துக்கு ஒரு தடவை சோப்புத்தூள் போட்டுத் தேய்க்கிறேன். மங்கிப்போனால், பொருளை வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று அதற்கும் ஒரு பேச்சு வரும்.

சரி, நீங்கள் ஏதோ சொல்ல வாயெடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். சொல்லுங்கள். நான் என்ன பேசவிடாமலா தடுத்தேன்?

பேங்க் இல்லையா?

கருவூலமா? எந்தக் கருவூலம்?

பரமக்குடி.

இவ்வளவு நேரம் இதைச் சொல்லாமல் என் காபியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நல்ல பெண் நீங்கள். இங்கே மாற்றலாகி வந்திருக்கிறீர்களா? அவளா இந்த வீட்டைச் சொன்னாள்? வடிவா? என்ன சொன்னாள்? ஒன்று விடாமல் சொல்லுங்கள். நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

...'சாவி பிலோட்டதான் இருக்கும். இல்லைம்பா. ஓனர் அவகிட்டதான் குடுத்து வச்சிருக்காரு. காபி தருவா, குடி. என்னைத் திட்டுவா, கேட்டுக்கோ. முடிஞ்சதும் சாவியத் தருவா.'

அப்படியே சொன்னாளா? சிரித்துக்கொண்டா, சும்மாவா? சிரித்துக்கொண்டு. ஓ.

சாவி என்னிடம் இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? சாவிக்கு ஆள் வர வேண்டும் என்றேன். வீட்டைக் காட்ட வேண்டுமானால் ஆளைப் பற்றி ஒரு விசாரணை வேண்டாமா? கண்டவர்களுக்கும் திறந்துவிட முடியுமா? அது பூட்டிக் கிடந்தாலும் வாரத்துக்கு ஒரு தடவை நான்தான் பெருக்கித் துடைக்கிறேன். குழாயில் தண்ணீர் நன்றாகவே வரும். வெயிலுக்கு ஒரு திரை போட்டால் போதும்.

அப்புறம்? வேறு என்ன சொன்னாள்? சாமான் எடுக்கப் பரமக்குடிக்குப் போகும்போது தூக்கை வாங்கிக்கொண்டு வரச் சொன்னாளா?

தூக்கை.

அப்படியென்றால் அவள் வருவதாக இல்லை. இல்லையா? இருக்கிற ஒரே பாத்திரத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டால் அப்புறம் இங்கே அவளுக்கு என்ன இருக்கிறது? ரிட்டயர் ஆனதும் எங்கே இருக்கப் போகிறாளாம்? தெரியாதா? கேட்கவில்லையா? ஒரே ஆபீஸில் இருந்திருக்கிறீர்கள், இதைக்கூடக் கேட்காமல் அப்படி என்னதான் பேசினீர்கள்? தனியாகத்தான் சாப்பிடுகிறாளா மத்தியானம்? ஓட்டலிலா? அவளுக்கு ஓட்டல் சாம்பார் ஒத்துக்கொள்ளாதே.

தூக்கைத் தர மாட்டேன். காலிப் பாத்திரத்தைக் கொடுத்தனுப்புகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அது சிலருக்கு வரும், எனக்கு வராது. நிறைத்துக் கொடுக்கலாமென்றால், பரமக்குடி போய்ச் சேர்வதற்குள் எதுவும் ஊசிப்போகும். முறுக்கா? முறுக்கு ஊசாது, சரி. ஆனால் மாவு இல்லை. மாவு இல்லையென்றால் இல்லை. வேண்டுமானால் அவளே வந்து வாங்கிக்கொள்ளட்டும், சொல்லிவிடுங்கள். இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள். பஞ்சப்படி விஷயத்தில் பிலோமினா சொன்னது சொன்னதுதான், ஒரு எழுத்து மாற்றமாட்டாள், அது வரிப்பணம்தான் என்றும் சொல்லுங்கள். தூக்கு பளபளவென்று இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

இந்தாருங்கள் சாவி. வீட்டை நன்றாகப் பாருங்கள். உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் ஒப்பந்தம் போடும்போது பதினொரு மாதத்துக்கு மட்டும் போடுங்கள். அதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று கேட்காதீர்கள், ஓனரிடம் நான் பேசிக்கொள்கிறேன். பூட்டு கொஞ்சம் இறுக்கம், சாவியை மேலே தூக்கித் திருப்ப வேண்டும்.

எதுவும் வேண்டுமென்றால் வாசலுக்கெல்லாம் வர வேண்டாம். சமையலறைச் சுவரில் ஒரு தட்டு தட்டுங்கள். ஒற்றைச் செங்கல்தான், கேட்கும்.

மிக்ஸி ஓடினாலும் கேட்கும்.